மீர்கட்டுக்கு ஜேர்மன் பெயர் பிடித்த விதம்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து பேரன் வருகிறான். அவனுக்காக ஆபிரிக்க மிருகங்களின் பட அட்டைகள் செய்தேன். கீழே தமிழிலும் ஜேர்மனிலும் பெயர். யானை, சிங்கம் எல்லாம் சுலபம். கலகாரிப் பாலைவனப் பக்கம் இரண்டு காலில் நிமிர்ந்து நின்று காவல் பார்க்குமே, கீரி இனத்து மீர்கட், அதில்தான் சிக்கல். போன் அகராதி 'மேர்கட்சே' என்றது. அந்தப் பெயரில் படம் தேடினால் வாலை நீட்டிக்கொண்டு குரங்குகள்! ஜேர்மனில் அது ஒரு வகைக் குரங்குக்குத்தான் பெயராம்.

சரி என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் மீர்கட் பக்கத்தைத் திறந்து அறிவியல் பெயரைக் குறித்துக்கொண்டேன்: சுரிகாட்டா சுரிகாட்டா (சலிப்பில் வைத்த பெயர் போல). அப்புறம் மொழிப் பட்டியலில் 'டொய்ச்' (ஜேர்மன்) என்பதைத் தட்டினேன். 'எர்ட்மென்ஷென்' என்று வந்தது. அறிவியல் பெயரும் அதே, படத்திலும் கண்ணைச் சுற்றி அதே கறுப்பு வளையம். பெயருக்கு முன்னால் ஆங்கில 'த' (the) போல 'டஸ்' போட வேண்டும். சின்னது என்று காட்ட 'ஷென்' என்று முடியும் பெயர்களுக்கெல்லாம் அதுதான். பன்மையிலும் சொல் மாறாது, அட்டைக்கு வசதி.

நீண்ட மூக்கோடு எறும்பும் கறையானும் தின்னும் ஆர்ட்வார்க்குக்கும் இதே வழியில் 'எர்ட்ஃபெர்க்கல்' கிடைத்தது. வரிக்குதிரைக்கு இவ்வளவு பாடே இல்லை, 'ட்சேப்ரா'தான்.