ஈவி பேட்டரி வாரன்ட்டி: 70 பர்சென்ட் கணக்குல நம்ம ஆளுங்க வழக்கமா பண்ற தப்பு

போன மாசம் மச்சினன் அவனோட எலக்ட்ரிக் கார வாசல்ல நிறுத்தினதும் நிறுத்தாததுமா "மாமா, பேட்டரி படுத்துருச்சு, வாரன்ட்டில புதுசு குடுத்துருவாங்கள்ல"ன்னு ஆரம்பிச்சான். மூணு வருச வண்டி, 52,000 கிமீ ஓடியிருக்கு. வாங்கின புதுசுல ஃபுல் சார்ஜ்ல மீட்டர் 290 காட்டுமாம், இப்ப 235 தான் காட்டுதாம். 235ஐ 290ஆல வகுத்தா 81, இன்னும் ஒரு வருசம் விட்டா 70க்கு கீழ போயிரும், அப்புறம் புது பேட்டரின்னு மனசுக்குள்ளயே கணக்கு போட்டு வச்சிருக்கான். நான் சிரிச்சுட்டேன், பாவம், ஆனா இந்தக் கணக்க போடாத ஈவி ஓனரே கிடையாது.

முதல் தப்பே இதுதான். டேஷ்போர்டுல தெரியுற கிலோமீட்டர் பேட்டரியோட கெபாசிட்டி இல்ல, கொஞ்ச நாளா நீங்க எப்படி ஓட்டினீங்களோ அத வச்சு வண்டி போடுற ஒரு யூகம், அவ்ளோதான். இவன் முன்னாடி டவுனுக்குள்ள ஆபீஸ் போயிட்டு வந்துட்டு இருந்தவன், ஒரு வருசமா வாரத்துக்கு ரெண்டு தடவ சேலம் டூ சென்னை ஏசி போட்டு 110ல மிதிக்கிறான், நடுவுல டயரும் மாத்திட்டான், பின்ன ரேஞ்ச் எப்படி அப்படியே இருக்கும்? வாரன்ட்டி பேப்பர்ல ரேஞ்சுக்கு யாரும் கியாரன்ட்டி குடுக்கல. அங்க இருக்குறது எஸ்ஓஹெச், அதாவது புதுசுல பேட்டரி எவ்ளோ யூனிட் கரன்ட் பிடிச்சுது, இப்ப எவ்ளோ பிடிக்குதுங்கிற பர்சென்ட். பெரும்பாலான கம்பெனி 8 வருசம் இல்லன்னா 1,60,000 கிமீ, எது முதல்ல வருதோ அதுக்குள்ள இந்த நம்பர் 70க்கு கீழ போனா பாத்துக்குறோம்னு சொல்றாங்க.

வீட்லயே ஒரு தோராய கணக்கு போட்டுப் பாக்கலாம், நாங்க அன்னிக்கு ராத்திரி போட்டோம். பேட்டரி 40 யூனிட்டுன்னு வைங்க, 20 பர்சென்ட்ல இருந்து 100 வரைக்கும் வீட்டு சார்ஜர்ல ஒரே மூச்சா ஏத்தி கரன்ட் மீட்டர் எவ்ளோ யூனிட் ஓடியிருக்குன்னு பாக்கணும். எங்களுக்கு 32 யூனிட் சொச்சம் வந்துச்சு. சார்ஜ் ஏறும்போது சூடா வீணாகுறது பத்துல ஒரு பங்குன்னு கழிச்சா 29, அது 80 பர்சென்டுக்கு ஏறினது, அப்ப முழு பேட்டரி 36 சொச்சம். 40ல 36ன்னா 90, 91 வருது. மச்சினனுக்கு சந்தோசப்படுறதா வருத்தப்படுறதான்னு தெரியல, புது பேட்டரி கனவு போச்சுல்ல. இது நம்ம மனசுக்குத்தான், இத எடுத்துட்டுப் போயி கிளைம் பண்ண முடியாது, கம்பெனி அவங்க மெஷின்ல எடுக்குற நம்பரத்தான் ஏத்துக்கும்.

இன்னொண்ணு, எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வண்டின்னா டெஸ்டுக்கு முன்னாடி ஒருக்கா 100 வரைக்கும் மெதுவா ஏத்திட்டுப் போங்க. அந்த வகையில வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல நிக்கும், அதனால பேட்டரிய கண்காணிக்க உள்ள இருக்குற பிஎம்எஸ்ங்கிற கன்ட்ரோலருக்கே எவ்ளோ மிச்சம் இருக்குன்னு கணக்கு தப்பிரும். டெஸ்லா கூட எல்எஃப்பி வண்டிக்கு வாரத்துக்கு ஒருக்கா ஃபுல் பண்ண சொல்றது இதனாலதான்.

அடுத்த தப்பு, "பேட்டரி வாரன்ட்டி 8 வருசம்"னு போர்டுல பாத்துட்டு கெபாசிட்டி குறையுறதும் அதுலயே அடங்கிரும்னு நினைக்கிறது. ரிப்பேர் வேற, தேய்மானம் வேற. பழைய டெஸ்லா மாடல் எஸ்ஸுக்கு 8 வருசம், கிலோமீட்டர் கணக்கே இல்லாத வாரன்ட்டி இருந்துச்சு, ஆனா கெபாசிட்டி குறைஞ்சா அதுல வராது. 70 பர்சென்ட் கணக்கு சேர்ந்ததே 2020லதான், அப்ப கூடவே 1,50,000 மைல்னு ஒரு லிமிட்டும் வந்துருச்சு. நிசான் லீஃப் கதை இன்னும் மோசம். அமெரிக்கால அரிசோனா வெயில்ல லீஃப் ஓட்டினவங்களுக்கு 2012லயே டேஷ்போர்டுல கெபாசிட்டிய காட்டுற 12 கட்டத்துல ஒண்ணொண்ணா காணாம போக ஆரம்பிச்சுது, அந்த வண்டில பேட்டரிய குளிர வைக்க லிக்விட் கூலிங் கிடையாது. அப்போதைய வாரன்ட்டில கெபாசிட்டி குறையுறது அடங்கவே அடங்காது. கோர்ட்டு கேஸுன்னு போன பிறகுதான் 5 வருசம் இல்ல 60,000 மைலுக்குள்ள 9 கட்டத்துக்கு கீழ போனா சரி பண்ணித் தர்றோம்னு வந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை, 12 கட்டமும் ஒரே அளவு இல்ல, முதல் கட்டம் மறையவே 15 பர்சென்ட் போகணும், மத்ததெல்லாம் 6 சொச்சம். முதல் கட்டம் போறதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஓனருக்கே தெரியாது!

சரி, 70க்கு கீழ போயிருச்சு, கிளைமும் பாஸ் ஆயிருச்சு, புது பேட்டரி வருமா? பெரும்பாலும் வராது. லீஃப் வாரன்ட்டில எழுதியிருக்குறதே குறைஞ்சது 9 கட்டம் வர்ற அளவுக்கு ரிப்பேரோ மாத்தலோ பண்ணுவோம்னுதான், 12ன்னு இல்ல. மத்த கம்பெனியும் அதே ரகம்தான், கெட்டுப்போன மாட்யூல, அதாவது பேட்டரிக்குள்ள இருக்குற ஒரு பகுதிய, மட்டும் மாத்தலாம், சரி பண்ணின பழைய பேக்க போடலாம். பேப்பர்ல "புதியது"ன்னு இருக்கா, "பழுது பார்த்தது"ன்னு இருக்கா, அந்த ஒரு வரிய தேடிப் படிங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இங்கதான் பெருசா அடி வாங்குறாங்க. டாடா, மஹிந்திரா, எம்ஜி மூணு பேரும் சில மாடலுக்கு லைஃப்டைம் வாரன்ட்டின்னு குடுக்குறாங்க, கேக்கவே நல்லா இருக்கு, ஆனா அது முதல் ஓனருக்கு. டாடா கணக்குல லைஃப்டைம்னா முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 15 வருசம். மஹிந்திரா பிஇ 6 மாதிரி வண்டி கை மாறினா 10 வருசம் இல்ல 2 லட்சம் கிமீன்னு சுருங்கிரும். புரோக்கர் "லைஃப்டைம் வண்டி சார்"னு சொல்லி விலைய ஏத்துவார், ஆர்சில பேரு மாறின அடுத்த நிமிசம் அந்த லைஃப்டைம் இல்ல. மஞ்ச போர்டுக்கு கண்டிஷனே வேற, அப்படியே இருந்தாலும் ஒரு நாளைக்கு 150 கிமீ ஓட்டுற டாக்ஸிக்கு 1,60,000 கிமீ மூணு வருசத்துல முடிஞ்சிரும், 8 வருசம்ங்கிறது பேருக்குத்தான். இலங்கைல ஜப்பான்ல இருந்து இறக்குன பழைய லீஃப் நிறைய ஓடுது, அங்க வாங்குறவங்க வாரன்ட்டியவே நம்பாம முதல்ல எஸ்ஓஹெச் எவ்வளவுன்னு கேக்குறாங்க, அது புத்திசாலித்தனம்.

எதுக்கு வாரன்ட்டி கிடையாதுன்னு ஒரு பக்கம் இருக்கும், பொடி எழுத்துல. பேட்டரி பேக்க வெளி ஆள் திறந்தா போச்சு. ரொம்ப நாள் சார்ஜே இல்லாம போட்டு வச்சாலும் போச்சு, லீஃப்ல 14 நாளுக்கு மேல ஜீரோகிட்ட விடக்கூடாதுன்னே இருக்கு, வெளிநாடு போறவங்க கவனிங்க. தண்ணி புகுந்ததுக்கு வாரன்ட்டி வராது, 2023 டிசம்பர் மிக்ஜாம்ல சென்னைல மூழ்கின மாதிரி ஆச்சுன்னா அது இன்சூரன்ஸ் விசயம், அதுலயும் பேட்டரிக்குன்னு தனி ஆட்-ஆன் போட்டிருக்கீங்களான்னு பாலிசில பாருங்க.

மறுநாள் மச்சினனோட சர்வீஸ் சென்டருக்கும் போனேன், எந்த கம்பெனின்னு வேணாம். பையன் லேப்டாப்ப வண்டில மாட்டுனான், திரைல 91ன்னு வந்துச்சு, எங்க கணக்குக்கு சரியா இருந்துச்சு, போன எடுத்து போட்டோ எடுக்கப் போனா அட்வைசர் ஓடி வந்து "சார், போட்டோவெல்லாம் எடுக்கக்கூடாது, நல்லாதான் இருக்கு, போயிட்டு வாங்க"ங்குறார். இந்த வாய் வார்த்தைய நம்பி வந்துர்றதுதான் நிறைய பேரு பண்றது. நாலு வருசம் கழிச்சு 69ன்னு சண்டை போடும்போது இன்னிக்கு 91 இருந்துச்சுங்கிறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கும்? ஜாப் கார்டுல "பேட்டரி ரேஞ்ச் குறைவு, எஸ்ஓஹெச் பரிசோதனை"ன்னு கம்ப்ளெயின்டா எழுத வச்சு, ரிசல்ட்டையும் அதுலயே போடச் சொல்லணும். நாங்க அரை மணி நேரம் உக்காந்திருந்தோம், கடைசில கையால எழுதி சீல் வச்சுக் குடுத்தார். முடியாதுன்னு சொன்னா அங்கயே உக்காந்து கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டுருங்க, தேதியோட அது ஒரு ரெக்கார்டு. வருசத்துக்கு ஒண்ணு போதும்.

தேதிய விட்டுறாதீங்க. வாரன்ட்டி முடிஞ்ச மறுநாள் 69 காட்டினா ஒண்ணும் பண்ண முடியாது, முடியுறதுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே டெஸ்ட் எடுங்க, 71, 72ல நிக்குதுன்னா கடைசி மாசம் இன்னொரு தடவ எடுங்க. அதே மாதிரி முதல் வருசத்துல 4, 5 பர்சென்ட் குறைஞ்சா பதறாதீங்க, ஆரம்பத்துல சட்டுனு இறங்கும், அப்புறம் மெதுவாயிரும்.

பேப்பரெல்லாம் சரியா இருந்தும் கிளைம மறுத்தா எழுத்துல காரணம் வாங்குங்க. 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதியலாம். அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், வண்டிக்கு நீங்க குடுத்த விலை 50 லட்சத்துக்குள்ளன்னா அங்கயே கேஸ் போடலாம், பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். மச்சினன் அந்த ஜாப் கார்ட லேமினேட் பண்ணி கிளவ் பாக்ஸ்ல வச்சிருக்கான், ஆர்சிய எங்க வச்சான்னு கேட்டா தேடுறான்.