நிறுவனம் பூட்டிவைத்த பழைய லேப்டாப்பைத் திறப்பது எப்படி

அக்கா மகனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, "மாமா, வால்பேப்பரை மாத்த முடியல" என்று வந்து நின்றான். திறந்து பார்த்தால் பெர்சனலைசேஷன் பக்கத்தில் பாதி பட்டன்கள் வெளிறிக் கிடந்தன. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: சில செட்டிங்ஸை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறதாம். பையன் படிப்பது எட்டாம் வகுப்பு. அவனுக்கு ஏது நிறுவனம்?

நான் செய்த முதல் வேலையே தப்பு. விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் எழுதிவைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதன் எடிட்டரைத் திறந்து, வால்பேப்பரைப் பூட்டிவைக்கும் 'பெர்சனலைசேஷன் சிஎஸ்பி' என்கிற ஃபோல்டரைத் தேடிப் பிடித்து அழித்தேன். வால்பேப்பர் மாறியது. மறுநாள் காலையில் பழைய நிறுவனத்தின் லோகோ மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது. பூட்டு ரெஜிஸ்ட்ரியில் இல்லை. வெளியில் இருக்கும் ஒரு சர்வர் இணையம் வழியாக அதை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் அழிக்க அழிக்க அது எழுதும்.

அதனால் முதலில் பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்கிறதா? இல்லையென்றால் விற்றவர் உங்களுக்கு வெறும் சாதாரண அக்கவுண்ட்தான் கொடுத்திருக்கிறார். சாவி இன்னும் அவரிடம்தான். அடுத்து, அதே பகுதியில் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்'. அங்கே தெரியாத நிறுவனத்தின் பெயரோ மின்னஞ்சலோ இருந்தால் ஆள் சிக்கிவிட்டார். 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் சில சமயம் அதோடு முடிந்துவிடும். அங்கே ஒன்றுமே இல்லாமல் சிவப்பு வரி மட்டும் இருந்தால், விண்டோஸ் தகவல் அனுப்புவதைத் தடுக்க முன்பு யாரோ போட்ட ப்ரைவசி டூல் விட்டுப்போன மிச்சமாகக்கூட இருக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

ஆனால் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டிருப்பதே வீண் என்பேன். முன்னாள் உரிமையாளர் அதில் வேறு எதை விட்டுவைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? மொத்தமாகத் துடைத்துவிடுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில், விண்டோஸின் லைசென்ஸைக் காட்டும் 'ஆக்டிவேஷன்' பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நிம்மதி. அது மதர்போர்டோடு சேர்ந்தது, விண்டோஸை மறுபடி போட்டாலும் தானாக வந்துவிடும். நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் என்று இருந்தால் அது உங்கள் லைசென்ஸ் இல்லை. அந்தச் சர்வரைத் தொடர்பு கொள்ளாமல் 180 நாள்தான் தாங்கும்.

சரி, துடைப்பது. 'ரெக்கவரி' பக்கத்தில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. நான் அதைவிட மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து புதிதாக விண்டோஸ் போடுவதையே விரும்புவேன். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு வழிமறித்தாலும், இன்ஸ்டால் செய்யும்போது பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) நீக்கிவிட்டால் வேலை நடக்கும். விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு இருந்தால் மட்டும் விற்றவரிடம்தான் போக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் துடைக்கப்போகிறீர்கள், மெஷின் தாங்கும் என்றால் 11-ஐயே போட்டுவிடுங்கள்.

நானும் துடைத்தேன். ஜம்மென்று புது விண்டோஸ் வந்தது. வைஃபை பாஸ்வேர்டைப் போட்டேன். அடுத்த திரையில் அதே நிறுவனம் பெயரைச் சொல்லி வரவேற்று, அலுவலக மின்னஞ்சலைக் கேட்டது! இதற்குப் பெயர் ஆட்டோபைலட். லேப்டாப்பின் ஹார்டுவேர் அடையாளத்தையே நிறுவனம் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கும். ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகாது. இணையம் இல்லாமல் இன்ஸ்டால் செய்து தப்பிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அடுத்த ரீசெட்டில் மறுபடி மாட்டுவீர்கள். போதாக்குறைக்கு, அது திருட்டு மெஷினாக இருந்தால் வம்பு உங்கள் தலையில் விடியும்.

பில்லோடு விற்றவரிடம் போனேன். நிறுவனத்திலிருந்து மொத்தமாக வாங்கிய லாட் அது. பதிவை நீக்கச் சொல்ல எல்லோரும் மறந்திருக்கிறார்கள். லேப்டாப்பின் சீரியல் நம்பரை அவர் அங்கே அனுப்பினார். அவர்கள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு இன்னொரு தடவை ரீசெட் செய்தேன். இந்த முறை வரவேற்பு எதுவும் இல்லை, பையனின் பெயரைத்தான் கேட்டது.

இப்போதெல்லாம் வாங்கும் இடத்திலேயே ரீசெட் செய்யச் சொல்கிறேன். அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும், உட்கார்ந்திருப்பேன். அப்புறம் என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பேன். முன்பின் தெரியாத நிறுவனம் எதுவும் வரவேற்றால் மூடியை மூடி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.