மழைப் படத்தில் கோடு விழாமல் ஒய்ஃபை அமைப்பது எப்படி

மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒய்ஃபை பெட்டி மாட்டி இணைய இணைப்புக் கொடுப்பது என் தொழில். ராடார் படத்தில் மழை பார்ப்பது என் பொழுதுபோக்கு. இரண்டுக்கும் பகை உண்டு என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

முதலில் படத்தைப் பாருங்கள். மழை திட்டுத் திட்டாகத் தெரியும், நகரும். நடுவிலிருந்து ஓரம் வரை சைக்கிள் சக்கரக் கம்பிபோல் ஒரு கோடு, அடுத்தடுத்த படங்களிலும் அதே திசையில் நின்றால் அது மழையல்ல. ராடார் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. அது திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒய்ஃபை அலையோ எந்நேரமும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் அந்தத் திசையில் எல்லாத் தூரத்திலும் மழை என்று கணக்காகிவிடுகிறது. கோட்டின் வழியில் எங்கோ என்னைப் போன்ற ஒருவர் பெட்டி மாட்டியிருக்கிறார்!

சென்னைத் துறைமுக ராடார் எஸ் பேண்ட் வகை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே இயங்குவது. 5 கிகாஹெர்ட்ஸ் ஒய்ஃபை அதன் வழியில் வராது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் இருப்பது சி பேண்ட், 5 கிகாஹெர்ட்ஸ் ஒய்ஃபை இருக்கும் அதே அலைப்பகுதி; அங்கேதான் கவனம் வேண்டும். 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் விமான நிலைய வானிலை ராடாருக்குத் தொல்லை கொடுத்தவை உயரத்தில் மாட்டிய வெளிப்புறக் கருவிகள். வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்குச் சுவரே பாதிக் கடிவாளம்.

இனி அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். நாடு ‘இந்தியா’ என்றே இருக்கட்டும். வேகம் போதவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் முணுமுணுத்தபோது நானும் நாட்டை மாற்றி, ராடார் துடிப்பைக் கேட்டதும் விலகிக்கொள்ளும் டிஎஃப்எஸ் வசதியைத் தூங்கவைத்தவன்தான். அதைச் செய்யாதீர்கள்.

5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை ராடாருக்கு விட்டுவிடுங்கள். அதாவது 120, 124, 128 ஆகிய சேனல்கள் வேண்டாம். பலரும் வழுக்கி விழுவது அகலத்தில்தான்: 116ஐத் தேர்ந்தெடுத்து அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், அந்த மூன்றும் கூடவே வந்துவிடும். 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை எடுத்தால் தலைவலியில்லை.

ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் டிஎஃப்எஸ் சேனல்தான் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். பெட்டி ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்டுவிட்டுத்தான் பேசும். ஐரோப்பிய விதிப்படி, மேலே சொன்ன 5600–5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அது 10 நிமிடம். பழுது என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள்.

மறுமுனைப் பெட்டிக்கு இன்னொரு மாடி ஏற வேண்டியிருக்கும். ஏறி, அங்கேயும் நாட்டின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.