தாடைக் கட்டியும் மூன்று மருந்துச் சீட்டும்

சென்ற வாரம் எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்குத் தாடை வீங்கிய ஒரு பெண்மணி வந்தார். பயிற்சி மருத்துவர் அவரை வாயைத் திறக்கச் சொல்லாமலேயே மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார். வீக்கம் வெளியே தெரிகிறது, உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டியைக் கிள்ளக் கூடாது, பிதுக்கக் கூடாது என்பதெல்லாம் வீட்டுப் பாட்டிக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தாடைக் கட்டி வந்தால் அடிக்கடி நடக்கும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. முதல் எரிச்சல் என்மேல்தான்.

அவர் ஒரு லாரி ஓட்டுநர். வலப்பக்கக் கீழ்த்தாடை வீங்கி வந்தார். கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதி, “வீக்கம் வடிந்ததும் வாருங்கள், எக்ஸ்ரே எடுப்போம்” என்றேன். வடிந்தது, அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் வீங்கியது, மீண்டும் அதே சீட்டு. மூன்றாவது முறை அவர் என்னிடம் வரவே இல்லை. என் பழைய சீட்டை மருந்துக் கடையில் நீட்டி மாத்திரை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தச் சீட்டைப் பிறகு என்னிடம் காட்டினார்.

அப்போது அவர் தாடையின் கீழ் விளிம்பில் கடுகளவு ஒரு துளை இருந்தது. சவரம் செய்யும்போதெல்லாம் பிளேடு அதே இடத்தில் தட்டி ரத்தமும் சீழும் வருகிறது என்றார். தோல் கட்டி என்று எண்ணி வேறொரு மருத்துவமனையில் இரண்டு முறை கீறி, பல மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் அந்தத் துளை வழியாக, வேர் சிகிச்சையில் நாங்கள் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தேன். குச்சி நேராகப் போய்ச் சொத்தைப் பல்லின் வேர் நுனியில் நின்றது. அதற்குள் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கியிருந்ததால் பிடுங்க வேண்டியதாயிற்று. தோலை யாரும் தொடாமலே சில வாரங்களில் துளை மூடிக்கொண்டது. அந்த இடத்தில் உள்வாங்கிய தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

இது ஏன் இப்படி ஆகிறது? பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாய்களும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை அதை எட்டும்போது உயிர் போகும் வலி. கூழ் செத்ததும் வலி நின்றுவிடும். பல் சரியாகிவிட்டது என்று ஆளும் நிம்மதியடைவார். மாத்திரை மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த பல்லுக்குள் ரத்தம் ஏது? சுற்றியுள்ள வீக்கம் வடியும், பல்லுக்குள் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மாத்திரை அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான்.

ஓட்டுநருக்குக் கிடைத்தது தழும்போடு போயிற்று. கீழ்த்தாடையின் உட்புறத்தில் நாக்குக்கு அடியில் பாய் விரித்தாற்போல் ஒரு தசை இருக்கிறது. கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தசைக்குக் கீழே நிற்கும். அங்கே பிடிக்கும் சீழ் வாய்க்குள் வடியாமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிடும். தாடைக்கு அடியில் இருபுறமும் பலகைபோல் இறுகி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, மூச்சுக்குழல் அடைபடும் நிலையை 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறோம். வாய் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியவில்லை, குரல் குழறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெளியே ஒத்தடம் கொடுப்பது, பற்றுப் போடுவது

பல்லால் வந்த வீக்கத்துக்கு வெளியே சூடு வேண்டாம். வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள். மஞ்சள் பற்றோடு வந்தால் தோல் சிவந்திருக்கிறதா என்று எங்களால் பார்க்கக்கூட முடிவதில்லை.

எல்லாவற்றையும் பொன்னுக்கு வீங்கி என்பது

குழந்தைக்குக் காய்ச்சலோடு காதுக்கு முன்னும் கீழும் வீங்கினால் அப்படி இருக்கலாம். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் அது வடிந்துவிடும். பெருமை சங்கிலிக்குப் போய்ச் சேரும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும், வலியில்லாமல், மாதக்கணக்கில் வளர்ந்து காது மடலைத் தூக்கி நிற்கும் கட்டிக்குச் சங்கிலி உதவாது. அது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்றாலும் பரிசோதித்து அகற்ற வேண்டியவை. முகம் ஒரு பக்கம் கோணத் தொடங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவது

தொண்டைப் புண்ணோடு நெறி கட்டி வலித்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். எனக்குக் கவலை தருவது வலிக்காத கட்டிதான். மூன்று வாரம் தாண்டியும் கரையாமல், கல்போல் கடினமாக, விரலால் தள்ளினால் நகராமல் இருக்கிறதா? காரணமில்லாமல் பல் ஆடுகிறதா? கீழுதடு மரத்துப்போகிறதா? வாயில் ஆறாத புண் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். புகையிலை, பாக்கு பழக்கம் உள்ளவர்கள் மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டாம்.

பல நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அதைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கசியும். அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயப்படுவது

கட்டி என்னவென்று அறிய மெல்லிய ஊசியால் அதிலிருந்து சிறிது எடுத்துச் சோதிப்போம். அதனால் நோய் பரவிவிடும் என்ற வீண் பயத்தில்தான் பலர் ஆறு மாதம் கழித்து வருகிறார்கள்.

எலும்பு மேட்டைப் பார்த்துப் பதறுவது

கீழ்த்தாடையின் உட்புறத்தில், நாக்கை ஒட்டி, இருபுறமும் ஒன்றுபோல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் மேடு எலும்பின் இயல்பான வளர்ச்சி. விட்டுவிடுங்கள்.

படம் எடுத்து அனுப்பிக் கேட்பது

கட்டியைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு விரல் வாய்க்குள் நாக்கின் அடியில், மறு கை தாடைக்கு வெளியே. இரண்டுக்கும் நடுவில் உருட்டிப் பார்ப்போம்.

சென்ற வாரப் பயிற்சி மருத்துவரைக் கையுறை மாட்டச் சொன்னேன். அந்தப் பெண்மணியிடம், எப்போது வீங்குகிறது என்று கேட்டேன். “சாப்பிட உட்கார்ந்தால் வீங்குகிறது. அதுவும் புளிக்குழம்பு என்றால் இரண்டாவது வாயிலேயே. ஒரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும்” என்றார். பயிற்சி மருத்துவர் நாக்கின் அடியில் மெதுவாக விரலை நகர்த்திக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“அரிசி மணிபோல ஏதோ தட்டுகிறது சார்.”

உமிழ்நீர்க் குழாயில் கல். மேசையில் பாதி எழுதியிருந்த சீட்டை அவரே எடுத்துக் கிழித்தார்.