அல்வாலயும் குளுக்கோஸ்தான், பாய்லயும் குளுக்கோஸ்தான்

பாளையங்கோட்டைல பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுக்கேன். பயோமாலிகியூல்ஸ் (உயிர் மூலக்கூறுகள்) பாடம் வந்தாலே வருஷா வருஷம் அதே தப்புதான், எந்தெந்த அணு இருக்குன்னு மடமடன்னு ஒப்பிப்பாங்க, எந்த பாண்ட் (அணுக்களையோ மூலக்கூறுகளையோ சேத்துப் பிடிக்க பிணைப்பு) உடையுது எது அப்படியே நிக்குன்னு கேட்டா முழிக்காங்க.

ஸ்டார்ச்சும் செல்லுலோசும் ரெண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதானன்னு ஒண்ணா எழுதிராதீங்க. அல்வாக்கு சம்பா கோதுமைய ஊறப்போட்டு ஆட்டி பால் புழியுதோம்லா, அந்தப் பால்ல முக்கியமா இருக்கது ஸ்டார்ச். பத்தமடை பாய் நெய்யுற கோரைல முக்கியமா இருக்கது செல்லுலோஸ். மொதல்ல சொன்னதுல ஆல்ஃபா குளுக்கோஸ், ரெண்டாவதுல பீட்டா. படத்துல பாத்தா மொத கார்பன்ல ஓஹெச் கீழ இருக்கா மேல இருக்கா, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அதுனாலதான் ஸ்டார்ச் சுருண்டுக்கிடுது, செல்லுலோஸ் நேரா நீண்டு பக்கத்து சங்கிலியோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டு இறுகிருது. நம்ம எச்சில்ல இருக்க அமிலேஸ்ங்கிற நொதிக்கு ஆல்ஃபா பாண்ட மட்டுந்தான் வெட்டத் தெரியும். அப்போ மாடு புல்லு திங்குதேன்னு ஒரு பிள்ளை கேட்டா, ரொம்ப நல்ல கேள்வி, அங்க வெட்டுறது மாட்டு வயித்துல குடியிருக்க நுண்ணுயிருங்க. அதுனால படம் போடும்போது அந்த ஓஹெச்ச எங்க வைக்கீங்கன்னு பாத்து வைங்க.

உலைத்தண்ணி கொதிச்சா ஹைட்ரஜன் தனியா ஆக்சிஜன் தனியா பிரிஞ்சிரும்னு நெனைக்கிறது அடுத்த தப்பு. தண்ணி மூலக்கூறுக்குள்ள இருக்க கோவலன்ட் பாண்ட உடைக்க மோலுக்கு சுமார் 460 கிலோஜூல் வேணும், ரெண்டு மூலக்கூறுக்கு நடுவுல இருக்க ஹைட்ரஜன் பாண்டுக்கு சுமார் 20 போதும். அடுப்புச் சூட்டுல விடுறது இந்த ரெண்டாவதுதான். முட்டை அவிக்கும்போதும் இதே கததான், புரதத்தோட மடிப்பு கலையும், அமினோ ஆசிடுகளச் சேக்குற பெப்டைட் பாண்ட் அப்படியே இருக்கும். டினேச்சுரேஷன்னு கேட்டா அமினோ ஆசிடா பிரிஞ்சிருச்சுன்னு எழுதாதீங்க.

பிஹெச்ல (அமிலத்தன்மைய அளக்குற எண்) 7-க்கும் 4-க்கும் அமிலத்தன்மை வித்தியாசம் மூணு மடங்கு இல்ல, 1000 மடங்கு. ஒவ்வொரு எண்ணும் பத்து பத்தா பெருகும். ரத்தத்துல 7.35-லருந்து 7.45 வரைக்குந்தான் சரியான அளவுன்னா அது எவ்வளவு நெருக்கமான வரம்புன்னு அப்பதான் புரியும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது ஏடிபி (ATP, செல்லுக்கு எனர்ஜி தர்ற மூலக்கூறு) விஷயந்தான். பாண்ட உடைச்சா எனர்ஜி வெளிய வரும்னு எழுதுதாங்க, எந்த பாண்டா இருந்தாலும் உடைக்கணும்னா நாமதான் எனர்ஜி கொடுக்கணும், திரும்பி வர்றது புது பாண்ட் உண்டாகும்போதுதான். ஏடிபில மூணு பாஸ்பேட்டும் நெகட்டிவ் சார்ஜோட ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே நெருக்கி நிக்கும். தண்ணியோட சேந்து ஏடிபியாவும் பாஸ்பேட்டாவும் பிரிஞ்சா (இந்த ஏடிபி ADP, 'டி' டையோட டி, மூணு இல்ல ரெண்டு பாஸ்பேட்) அந்த நெருக்கம் குறையும், வந்த பொருள்க நிதானமா இருக்கும். கொடுத்தது போக மிச்சமா திட்ட நிலைல மோலுக்கு 30.5 கிலோஜூல் வெளிய வருது. ஆன்சர்ல 'உடைப்பதால்'ங்கிறத அடிச்சுட்டு 'நீராற்பகுப்பு வினையால்'னு எழுதுங்க.