அடுத்தவன் சண்டையில் ஜெயிப்பது யார்? டீக்கடை பெஞ்சில் நாம் செய்யும் தவறுகள்

மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம் என்று ஒரு கிராமம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் தர்மசாஸ்தா கோயிலில் பூஜை, வாசலில் வாழ்த்துக் கோலம், தெருவில் பேனர், வெடி என்று அமர்க்களப்பட்டது ஞாபகம் இருக்கும். அந்தக் காற்று எங்கள் டீக்கடை வரைக்கும் அடித்தது. அமெரிக்காவில் எத்தனை கட்சி என்றே அதுவரை தெரியாதவர்கள் திடீரென்று கமலாவின் கட்சியான டெமாக்ரட் ஆனார்கள். ஒரு பக்கம் ஆள் சேர்ந்தால் எதிர்ப்பக்கமும் சேரத்தானே செய்யும், எதிர்பெஞ்சில் டிரம்பின் கட்சியான ரிபப்ளிக்கன்கள் ரெண்டு மூன்று பேர் முளைத்தார்கள்.

2021 ஆகஸ்ட் 15. கொடியேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம், வாயில் மிட்டாய் கரையவில்லை, டிவியில் காபூலுக்குள் தாலிபான் நுழைந்துவிட்டதாகச் செய்தி. உரக்கடை அண்ணன் துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களா சார், நம்ம ஊரு பொண்ணு போயி ஏழு மாசம்தான் ஆவுது, இருபது வருஷ சண்டையத் தோத்துட்டாங்க!"

ரிட்டயர்டு வாத்தியார் கிளாஸைக் கீழே வைத்தார். "கிளம்புறோம்னு கையெழுத்து போட்டது யாருங்க? போன வருஷம் பிப்ரவரியில தோஹாவுல, டிரம்ப் ஆட்சிலதான?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டது டிரம்ப் அரசு, 2021 ஆகஸ்ட் 30-க்குள் கடைசி வீரரைக் கிளப்பிக்கொண்டு வந்தது பைடன் அரசு. அன்றைக்கு நடந்தது ஆப்கானிஸ்தானைப் பற்றிய விவாதமே இல்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் இந்த மாதிரி பேச்சு வரும்போதெல்லாம் எங்கே தடம் மாறுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பார்த்தவரைக்கும் சொல்கிறேன், இதில் பாதி நானே செய்தவை.

முதலில் கட்சி, அப்புறம் போர்

இதுதான் பெரிய தவறு. எந்தக் கட்சிக்காரர் போரை நடத்துகிறார் என்று பார்த்துவிட்டு, ஜெயிக்குமா ஜெயிக்காதா என்று முடிவு பண்ணுவது. நாம் மட்டும் இல்லை, அமெரிக்காக்காரர்களும் இப்படித்தான். ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியது 2001-ல் புஷ், ரிபப்ளிக்கன். கூடுதலாக 30,000 பேரை அனுப்புகிறேன் என்று 2009 டிசம்பரில் அறிவித்தது ஒபாமா, டெமாக்ரட். டிரம்ப் கிளம்பலாம் என்றபோது தலையாட்டிய சில பேர், பைடன் கிளம்பியபோது துரோகம் என்றார்கள், அந்தப் பக்கத்திலும் இதே கதை தலைகீழாக உண்டு. போர்க்களம் அதே களம், ஆள்தான் மாறினார்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இதே முடிவை உங்களுக்குப் பிடிக்காத கட்சித் தலைவர் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பதில் மாறுகிறது என்றால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது தேர்தல்.

இதற்குக் கிளைத் தவறு ஒன்று உண்டு. அவர்கள் கட்சியை நம் கட்சியோடு ஜோடி சேர்ப்பது. "டெமாக்ரட்னா நம்ம இன்ன கட்சி மாதிரி" என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், பொழுது சாய்ந்தாலும் முடியாது.

ஜெயிப்பது என்றால் என்ன?

இதைக் கேட்காமலே மணிக்கணக்கில் பேசுகிறோம். வெளிநாட்டு உதாரணத்தை விடுங்கள், நம் காவிரி வழக்கையே எடுங்கள். நடுவர் மன்றம் 2007-ல் கர்நாடகம் நமக்கு விடவேண்டியது 192 டிஎம்சி என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் அதை 177.25 ஆக்கியது. டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10, பெங்களூரு குடிநீருக்கு 4.75, ஆக 14.75 டிஎம்சி போனது. அன்றைக்குச் சாயந்திரம் இதே பெஞ்சில் ஒருத்தர் தோல்வி என்றார். இன்னொருத்தர், நதி எந்த மாநிலத்துக்கும் தனிச் சொத்து இல்லை என்று சொல்லிவிட்டார்களே, ஆணையம் அமைக்க வழி பிறந்ததே, வெற்றிதான் என்றார். ஒரே தீர்ப்பு, ஒரே எண். ஒருத்தர் தண்ணீரை அளந்தார், இன்னொருத்தர் உரிமையை அளந்தார். எதை வைத்து அளக்கிறோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை, அதனால் கடை அடைக்கிற வரைக்கும் ஓடியது.

போர் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நினைத்தது அல்-காய்தாவை ஒழிப்பதையா, தாலிபான் திரும்பி வராமல் தடுப்பதையா, ஒரு புது அரசை நட்டு வளர்ப்பதையா? முதலாவதை வைத்து அளந்தால் ஒரு பதில், மூன்றாவதை வைத்து அளந்தால் நேர் எதிரான பதில். உக்ரைனிலும் அப்படித்தான். இழந்த நிலம் முழுக்கத் திரும்பினால்தான் வெற்றியா, நாடாகப் பிழைத்து நின்றாலே வெற்றியா? ரஷ்யா படையெடுத்த 2022 பிப்ரவரியில், தலைநகர் கீவ் நாலு நாளில் விழும் என்று பேசியவர்கள் இருந்தார்கள், மார்ச் கடைசியிலேயே ரஷ்யப் படை கீவ் சுற்றுப்புறத்தை விட்டுப் பின்வாங்கியது. அதே சமயம் உக்ரைன் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ரஷ்யாவின் கையில் இருக்கிறது. பாதி நிரம்பிய வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது என்பவரும் உண்டு, கடைமடைக்கு எட்டவில்லையே என்பவரும் உண்டு. எந்த மடையில் நின்று பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தனக்கு வேண்டிய தேதியில் காலண்டரைக் கிழிப்பது

இராக் போர்தான் இதற்குப் பாடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. மே 1-ல் புஷ் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் நின்று பேசினார், பின்னால் "பணி முடிந்தது" என்று பேனர். அன்றைக்கு நிறுத்தினால் வெற்றி. ஆனால் அதற்கப்புறம்தான் குண்டுவெடிப்பும் ஷியா-சுன்னி ரத்தக்களரியும். 2006 நவம்பர் தேர்தலில் டெமாக்ரட்டுகள் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் பிடித்தார்கள். 2007 ஜனவரியில் புஷ், இன்னும் இருபதாயிரத்துக்கு மேல் வீரர்களை அனுப்பப்போகிறேன் என்றார். ஏப்ரலில் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், இந்தப் போரில் தோற்றாகிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். ரிபப்ளிக்கன்கள் கொதித்துப்போனார்கள்.

அந்த 2007-ல்தான் அமெரிக்கர்கள் அதிகமாகச் செத்தார்கள். ஆனால் ஆண்டுக் கடைசியில் வன்முறை சரசரவென்று இறங்கியது, 2008-ல் இன்னும் குறைந்தது. "பாத்தியா, படை போனதால் ஜெயித்தோம்" என்று ஒரு கட்சி. "படை மட்டுமா காரணம்? அன்பார் மாகாணத்து சுன்னி இனக்குழுக்கள் அதற்கு முன்பே அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டன, ஷியா தலைவர் முக்ததா அல்-சதர் ஆகஸ்டில் தன் ஆட்களை அடங்கி இருக்கச் சொல்லிவிட்டார்" என்று இன்னொரு கட்சி. மழையும் பெய்து மேட்டூரும் திறந்த வருஷத்தில் எதனால் விளைந்தது என்று கேட்கிற மாதிரிதான், இரண்டையும் பிரித்து அளப்பது அவ்வளவு சுலபம் இல்லை. 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. அந்தக் கெடுவுக்கு 2008-லேயே ஒப்புக்கொண்டது புஷ் அரசு, கிளப்பிக் கூட்டிவந்தது ஒபாமா அரசு. 2014 ஜூனில் இராக்கின் மோசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகள் கைக்குப் போனது.

இப்போது சொல்லுங்கள், ஜெயித்ததா தோற்றதா? 2008-ல் நிறுத்துகிறவர் ஜெயித்தது என்பார், 2014-ல் நிறுத்துகிறவர் தோற்றது என்பார். குறுவை அறுத்த கையோடு கணக்கை மூடிவிட்டு, சம்பாவில் வெள்ளம் வந்ததைச் சொல்லாமல் விடுவது மாதிரி. யாராவது ஒரு தேதியைச் சொல்லி முடிவு சொன்னால், அடுத்த ரெண்டு வருஷம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

தேறாது என்பவன் எதிரி இல்லை

ரீட் சொன்னது சரியா தப்பா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் மேல் வந்த கோபம், கணிப்பு தப்பு என்பதற்காக மட்டும் வந்ததில்லை. வீரர்கள் களத்தில் நிற்கும்போது இப்படிச் சொல்லலாமா, இவர் தோல்வியை விரும்புகிறார் என்று வந்தது. இது எனக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் ஒரு வருஷம் என் மாமாவின் சம்பாப் பயிரைப் பார்த்து, "மாமா, புகையான் ஏறிடுச்சு, இந்தத் தாக்கு தேறாது போலருக்கே" என்று சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. "வாயக் கழுவுடா! உன் வாயாலதான்டா போவும்" என்றார். பயிர் என்னவோ என் வாய்க்கு முன்னாடியே போயிருந்தது.

ஜெயிக்க முடியுமா, ஜெயிக்க வேண்டுமா, அதற்காக இவ்வளவு கொடுக்கலாமா: மூன்றும் மூன்று கேள்வி. ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனே ஜெயிக்காது என்று சொல்லலாம். போரே அநியாயம் என்கிறவன்கூட, ஆனால் இதில் அந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று சொல்லலாம். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் பேச்சு தேசத்துரோகத்தில்தான் போய் நிற்கும். மறுபக்கமும் உண்டு, ஜெயிக்கும் என்று சொல்கிறவரை உடனே ரத்தவெறியர் என்பது. அவருடைய கணிப்பு தப்பாக இருக்கலாம், அதற்காக ஆளே கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

எண்ணிக்கையும் வீடியோவும்

வியட்நாமில் அமெரிக்கா எதிரியின் பிணங்களை எண்ணி முன்னேற்றம் என்று கணக்குக் காட்டியது. தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் 1967 நவம்பரில், முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்கிற மாதிரி பேசினார். பத்து வாரத்தில், 1968 ஜனவரி கடைசியில், கம்யூனிஸ்டுகளின் டெட் தாக்குதல் நாடு முழுக்க வெடித்தது. அந்தத் தாக்குதலில் பெரிய அடி வாங்கியது கம்யூனிஸ்டுகள்தான், ஆனால் அமெரிக்காவில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் நம்பிக்கை உடைந்துபோனது. மார்ச் முடிவதற்குள் ஜனாதிபதி ஜான்சன் மறுபடி போட்டியிட மாட்டேன் என்று ஒதுங்கினார். எண்ணிக்கை எல்லாம் ஏறிக்கொண்டே போகும்போதுகூட சண்டை கைவிட்டுப் போகலாம்.

வீடியோவைப் பற்றி நீட்டவேண்டாம். 2022-ல் "கீவின் பேய்" என்று ஒரு போர்விமான வீடியோ எங்கள் கடையில் ஆறு போனில் ஓடியது. அது கம்ப்யூட்டர் கேம். அப்படி ஒரு தனி விமானி இல்லை என்று உக்ரைன் விமானப்படையே ஏப்ரல் கடைசியில் சொல்லிவிட்டது.

பெரிய பட்டாளம்

"அவ்ளோ பெரிய ராணுவம், எத்தனை நாள் தாங்குவான்?" இந்தக் கேள்வியை டெல்டாக்காரன் கேட்கவே கூடாது. கோடியக்கரையில் நின்றால் எதிர்க்கரை யாழ்ப்பாணம். 1987 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை போனது, அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது, யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்க சில வாரம்தான் ஆனது. அதற்கப்புறம்? இரண்டு வருஷத்துக்கு மேல் காட்டிலும் தெருவிலும் மறைந்திருந்து தாக்கும் சண்டை, சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்தார்கள், அங்கிருந்த தமிழ்ச் சனம் பட்டது தனி. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் இரண்டு கட்சி. அமெரிக்காவில் இராக் பற்றி நடந்த சண்டை நமக்கு ஒன்றும் புதுசு இல்லை.

அங்கே சண்டை, இங்கே மூட்டை

"எவன் ஜெயிச்சா நமக்கென்ன" என்பதும் தவறுதான். பொட்டாஷ் உரம் நமக்கு ஏறக்குறைய முழுக்க வெளியிலிருந்துதான் வருகிறது, ரஷ்யாவும் பெலாரஸும் அதில் பெரிய கைகள். 2022-ல் உலகச் சந்தையில் உரவிலை எகிறியபோது, மத்திய அரசு மானியத்தைக் கூட்டித்தான் டிஏபி உர மூட்டையை 1,350 ரூபாயில் நிறுத்தியது. 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் சதாம் நுழைந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் கூட்டிவந்தார்கள், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் கேட்டால் வீட்டுக்கு வீடு வளைகுடாக் கதை இருக்கும். அந்த வீடுகளில் யார் ஜெயிப்பார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எப்போது முடியும் என்றுதான் கேட்டிருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, கணிப்பைச் சொல்லிவிட்டு மறந்துபோவது. ஆளாளுக்கு, நான் அன்றைக்கே சொன்னேன் என்பார்கள், என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது. 2023 ஜூனில் உக்ரைன் எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது, டீக்கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரையும் எழுதவைத்தேன். வாத்தியார்: "தீபாவளிக்குள் உக்ரைன் படை அசோவ் கடலைத் தொடும்." உரக்கடை அண்ணன்: "பொங்கலுக்குள் கீவ் விழும்." பந்தயம் ஆளுக்குப் பத்து வடை. தீபாவளி போனது, பொங்கலும் போனது, இரண்டும் நடக்கவில்லை. நோட்டைத் திறந்து காட்டினேன். "நான் எழுதுனது எந்தத் தீபாவளின்னு போடலையே தம்பி" என்றார் வாத்தியார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இது தன் கையெழுத்தே இல்லை என்றார். இருபது வடைக்கான காசு கடைக்காரருக்கு இன்னும் வரவில்லை.