கடல் தெரியும் ஃபிளாட்: சென்னையில் வாங்குமுன் எங்கே சறுக்குகிறோம்

கடல் பார்த்த ஃபிளாட்டை விற்பவர் யாரும் உங்களை மே மாதக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்ல மாட்டார். மாலை ஐந்து மணிக்குத்தான் கூப்பிடுவார். சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் வெயில் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், பால்கனி நிழலாகிவிடும், கடற்காற்றும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அந்த நேரத்தில் பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ நாலாவது மாடியில் நின்றால் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கத்தான் தோன்றும்.

அதே பால்கனியில் கோடைக் காலையில் நின்று பாருங்கள். வெயில் நேராக ஹாலுக்குள் விழும், கடலைப் பார்த்தால் கண் கூசும், திரைச்சீலையை இழுத்து மூடத்தான் கை போகும். மேலைக்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று பிற்பகல்வரைகூட எட்டிப் பார்க்காது. நவம்பரில் காற்றோடு மழை அடிக்கும் நாளில் ஒருமுறையும் போக வேண்டும். ஒரே ஒரு மாலை பார்த்துவிட்டுக் கோடிக்கணக்கில் முடிவெடுப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காட்சிக்குப் பத்திரம் கிடையாது

கடல் தெரியும் வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை முழுவதும் எதிரே உள்ள காலி வெளிக்காகத்தான். அந்த வெளி உங்களுடையதல்ல. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில், நெடுங்காலம் அனுபவித்துவந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடம் இருக்கிறது. அழகான காட்சிக்கு இல்லை. எதிர்மனைக்காரர் விதிப்படி மாடி எழுப்பினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடலை ஒட்டிய தெருக்களில் பழைய தனி வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஃபிளாட்டுக்கு முன்னால் அப்படி ஒரு தனி வீடு இருந்தால், அந்த வீட்டுக்காரர் பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போடும் நாள்வரைதான் உங்களுக்குக் கடல். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர்வரை உயரமுள்ள கட்டடம் அடுக்குமாடி உயரக் கட்டட வகைக்குள் வராது. தரைத்தளத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் அதற்கு மேல் ஐந்து மாடியும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே மூன்றாவது மாடியில் கடல் தெரிகிறது என்று வாங்குபவர், எதிர்மனையில் இன்று என்ன நிற்கிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. நாளை அங்கே எவ்வளவு உயரம் எழுப்ப விதி இடம் தருகிறது, அகலமான சாலை இருக்கிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

விளம்பரப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரோன் எந்த உயரத்திலிருந்தும் படம் பிடிக்கும். உங்கள் மாடியின் தளம் போட்டாகிவிட்டதென்றால் அங்கேயே ஏறி, உட்கார்ந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். நின்றால் தெரியும் கடல், சோபாவில் உட்கார்ந்தால் பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்துபோவதுண்டு. பிரசுரத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். விளம்பரத்தில் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்து, அது பொய்யென்று தெரிந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கைகொடுக்கும்.

அனுமதியும் பத்திரமும் இருக்கிறதே என்ற தெம்பு

கொச்சியை அடுத்த மரடில் காயலை ஒட்டி நின்ற நான்கு அடுக்ககங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 300-க்கும் மேற்பட்ட வீடுகள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் கட்டியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு அது. வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. உள்ளூர் பஞ்சாயத்தின் கட்டட அனுமதி இருந்தது, பத்திரப்பதிவு நடந்தது. அவற்றில் எதுவும் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. இடைக்கால இழப்பீடாக வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். வீடு போனது போனதுதான்.

சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்லும் இந்த விதிகள் 1991-இல் வந்தன. 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டன. பொதுவாக, அலை ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 500 மீட்டர்வரை இவற்றின் பிடி இருக்கிறது. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி இரண்டாம் வகை. அங்கே முன்பிருந்தே உள்ள சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப் பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம், கடல் பக்கமாகக் கூடாது. ஊரகப் பகுதிகள் மூன்றாம் வகை. 2011 விதியில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடை மண்டலம். 2019 விதி, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. இந்த விதிகள் அலை ஏறி இறங்கும் கழிமுகத்துக்கும் காயலுக்கும் சேர்த்துத்தான். அடையாறு முகத்துவாரத்தைப் பார்த்த வீடு, முட்டுக்காடு காயலைப் பார்த்த வீடு எல்லாம் இதற்குள் வரலாம். மரடு கட்டடங்களும் கடற்கரையில் நிற்கவில்லை, காயல் ஓரத்தில்தான் நின்றன.

ஆகவே சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் அந்த மனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். சி.ஆர்.இசட். அனுமதிக் கடிதம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் ஒப்புதல் வரைபடம், கட்டி முடித்ததென்றால் நிறைவுச் சான்று, இவை மூன்றையும் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் எப்படியும் வக்கீல் பார்ப்பார். சி.ஆர்.இசட். வரைபடத்தை நீங்கள் நினைவூட்டாவிட்டால் சில வக்கீல்கள் தொடுவதே இல்லை. பில்டர் “அதெல்லாம் கிளியர் சார்” என்றால், சரி, காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உப்பு

கடலோரக் கட்டடத்தின் உண்மையான எதிரி இதுதான். காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பியின் மேல் இயல்பாக இருக்கும் பாதுகாப்புப் படலத்தை அது உடைத்தவுடன் துரு தொடங்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் மேல் கான்கிரீட் விரிசல்விட்டுப் பாளம்பாளமாகப் பெயரும். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேட், ஸ்டில்ட் தூண், மொட்டைமாடிப் படிக்கட்டு ஆகிய இடங்களில் இது முதலில் தெரியும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 இதற்கென்றே விதி வைத்திருக்கிறது. கடலோரச் சூழலில் நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தபட்சம் எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பியை மூடும் கான்கிரீட் போர்வையாக 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. கடல் சாரல் நேரே படும் இடம் என்றால் எம்35, கவர் 50 மில்லிமீட்டர். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கின் பொதுக் குறிப்புகள் பக்கத்தில் இந்த எண்கள் எழுதியிருக்கும். இத்தாலிய மார்பிளைப் பற்றி அரை மணி நேரம் பேசும் வாங்குபவர்கள் இந்த ஒரு தாளைக் கேட்பதில்லை. கட்டுமானத்துக்கு எந்தத் தண்ணீர் பயன்படுத்தினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையான இ.சி.ஆர். ஓரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே தர நிர்ணயம். உவர்நீரில் கலந்து கட்டினால் எதிரியை நாமே உள்ளே குடிவைத்ததாகிவிடும்.

ரெரா சட்டம் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு பொறுப்பை பில்டர் தலையில் வைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உப்பு பெரும்பாலும் அந்த ஐந்து ஆண்டுக்குப் பிறகுதான் வெளியே தெரியும். அதனால் புதுக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அதே பில்டர் அதே கடற்கரையில் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் கட்டியதைப் போய்ப் பார்ப்பது உபயோகம். துருக்கறை வழிந்திருக்கிறதா, புதிதாகப் பூசிய பெயின்ட்டுக்குக் கீழே தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறதா, அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மறுவிற்பனை ஃபிளாட் என்றால் சங்கத்தின் கணக்கில் ரிப்பேர் நிதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிப்பூச்சைத் தள்ளிப்போடும் சங்கம் உள்ள கட்டடம் கடலோரத்தில் சீக்கிரம் கிழடுதட்டிவிடும்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியில் பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 தரம் உப்பைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். கதவுக் கீல், ஜன்னல் உருளை, மாடுலர் கிச்சன் கீல் எல்லாம் துரு பிடிக்கும். ஏசியின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்து வைக்கும்படி இடம் ஒதுக்கியிருந்தால் அந்த டிசைனரை ஒரு கேள்வி கேட்கலாம். பக்கவாட்டில், காற்று மறைவில் வைத்தால் சுருள் கொஞ்ச காலமாவது கூடுதலாக உழைக்கும்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து கிழக்கு ஜன்னலை நோக்கித்தான் அடிக்கும். நழுவும் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கி ஹாலுக்குள் வரும். ரப்பர் பட்டையோடு இறுகச் சாத்தும் கதவுகள் இந்த விஷயத்தில் மேல். 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல் சென்னையின் மரங்களை என்ன பாடு படுத்தியது என்பது நினைவிருக்கும். கட்டடங்களின் மேல் விழும் சுமைகளுக்கான தர நிர்ணயமான ஐ.எஸ். 875 சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி என்று விற்கும்போது, அந்தக் கண்ணாடியும் சட்டமும் இந்தக் காற்றுக்குக் கணக்குப் போட்டவையா என்று எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர், பரப்பு, அக்கம்பக்கம்

கடலோர நிலத்தடி நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீர் சுமார் 40 மீட்டர் மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. தெரு முழுக்க போர் போட்டு உறிஞ்சினால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. ஆனால் குழாய் உங்கள் கட்டடம்வரை வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. போன கோடையில் சங்கம் லாரித் தண்ணீருக்குக் கட்டிய பில்லைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

பரப்பளவில் சுருக்கமாக ஒன்று. ரெரா சொல்லும் கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பில், பால்கனி சேராது. கடல் ஃபிளாட்டில் நீங்கள் காசு கொடுப்பதே பால்கனிக்குத்தான் என்பதால், அது தனியாக எத்தனை சதுர அடி என்று கேட்டு வாங்குங்கள். யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்பதையும். உப்பில் கட்டடம் தேயும், நிலம்தான் கடைசியில் மிஞ்சும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமையில்லை.

கடற்கரை காலி இடமல்ல. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாவற்றிலும் மீனவக் குப்பங்கள் உங்கள் அடுக்ககத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கின்றன. விடியுமுன் படகு எஞ்சின் சத்தம் கேட்கும், மீன் வாடை வரும், வலை காயும். குடிவந்த பிறகு இதைப் பற்றிப் புகார் மனு எழுதும் சங்கங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வாடை ஆகாதென்றால் வேறு இடம் பார்ப்பதே முறை. ஜனவரி முதல் மார்ச்வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். பிரகாசமான விளக்கு குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் திருப்பிவிடும். பால்கனியில் ஃபோகஸ் விளக்குப் போடும் ஆசை இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் மனம் கேட்கவில்லையென்றால், முடிந்தவர்கள் அதே தெருவில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். சொத்து விலையோடு ஒப்பிட்டால் நம் ஊரில் வாடகை குறைவுதான். ஒரு மே மாதமும் ஒரு நவம்பரும் அங்கே கழிந்துவிட்டால், எந்த மாடி, எந்தப் பக்கம், எந்தக் கட்டடம் வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.